பெற்றோல் செட்டைத் தாண்டும் வரை

கண்டியில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதிலும் பெண்களைத் தேடினால் விரலே தேவையில்லை. பெற்றோலும் டீசலும் இல்லாமல் நாடு படுத்துக் கிடந்த அந்த மாதங்களில், எட்டு வயது மகளைப் பின் கரியரில் ஏற்றிக்கொண்டு குண்டசாலையிலிருந்து கண்டி நகரத்துக்குச் சைக்கிளில் போன ஒரே பெண் நானாகத்தான் இருந்திருப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் பாதி உண்மையாகிவிடும்.

நான் யாழ்ப்பாணத்துக்காரி. எங்கள் ஊரில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம், டியூஷன், கோயில், செத்தவீடு என்று எல்லாவற்றுக்கும் சைக்கிளில்தான் போவோம். ஒரு கையால் குடையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் வருகிறவளோடு வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு, தெருவை அடைத்து ஓடுவோம். நிலம் மேசை மாதிரித் தட்டை. ஏற்றம் என்று ஒன்று வந்தால் அது ஏதாவது ஒரு பாலமாக இருக்கும். கல்யாணம் செய்து கண்டிப் பக்கம் வந்த பிறகு பத்து வருடங்களுக்கு மேல் சைக்கிளைத் தொடவில்லை. ஆனால் யாராவது சைக்கிள் என்று பேச்செடுத்தால் போதும், நான் கண்ணை மூடிக்கொண்டு ஓடுவேன் என்று அளந்துவிடுவேன்.

என் கணவருக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. அவர் மலையகத்துக்காரர், தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தங்கள் தோட்டத்தில் சைக்கிள் வைத்திருந்தால் அது ஆளைச் சுமக்காது, ஆள்தான் அதைச் சுமக்க வேண்டும் என்பார். நான் சிரிப்பேன். அந்தச் சிரிப்பைக் கண்டி ரோடு எனக்குத் திருப்பித் தந்தது.

மகளை ஏற்றிப்போன ஸ்கூல் வேன் முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது, பிறகு வராமலே விட்டது. பஸ் ஓடியது, ஆனால் வாசற்படியில் ஆட்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கினார்கள். ஒரு காலையில் மூன்று பஸ்களை விட்டுவிட்டு நாலாவதில் முண்டியடித்து ஏறினோம். மகளை யாரோ இடித்து, அவள் மூச்சுத் திணறி அழுது, கண்டியில் இறங்கியபோது ஒரு சப்பாத்து காலில் இல்லை. நான் அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு அலுவலகத்துக்கு ஓடியபோது வரவு இடாப்பில் சிவப்புக் கோடு விழுந்திருந்தது. எட்டரை மணிக்குத் தலைமை எழுதுவினைஞர் சிவப்புப் பேனையால் கோடு இழுப்பார். அதற்குக் கீழே கையெழுத்து வைத்தால் நீங்கள் பிந்தி வந்தவர். வேன் ஓடவில்லை, பஸ்ஸில் இடமில்லை என்பதெல்லாம் அந்தக் கோட்டுக்குத் தெரியாது.

கணவர் வேலை செய்தது திகனவில் ஒரு ஹாட்வெயார் கடையில். எங்கள் வீட்டிலிருந்து அது நேர் எதிர்த்திசை. அவர் விடியற்காலையிலேயே நடக்கத் தொடங்கிவிடுவார், வழியில் ஏதாவது லொறி ஏற்றிக்கொண்டால் உண்டு. ஆகவே மகளைக் கண்டிக்குக் கொண்டு போவது என் பொறுப்பு. நான் யாழ்ப்பாணத்தில் இருந்த தம்பிக்குச் சொல்லி, என் பழைய லேடீஸ் சைக்கிளை ஒரு வெங்காய லொறியில் போட்டுவிடச் சொன்னேன். அது வெங்காயத் தோலோடு வந்து இறங்கியபோது எனக்குப் பதினேழு வயது ஆனது போல இருந்தது. கணவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஒரு நிபந்தனைதான் போட்டார்.

“புள்ள ஒரு தடவ விழுந்தாலும் போதும், இந்த சைக்கிள் மறுபடி லொறி ஏறிரும். சொல்லிட்டேன்.”

விழுந்தால்தானே என்றேன் நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளை ஏற்றாமல் தனியே ஓடிப் பார்த்தேன். வீட்டுக்கு முன்னால் போகும் ஒழுங்கையில் ஒரு சின்ன இறக்கம், நடந்து போகும்போது அது இறக்கம் என்றே தோன்றாது. சைக்கிளில் அது வாயைப் பிளந்துகொண்டு வந்தது. பிரேக்கை இறுக்கினேன். பின் சில்லு மட்டும் கிறீச்சிட்டது, சைக்கிள் நிற்கவில்லை. செருப்பைத் தரையில் தேய்த்து, கடைசியில் ஒரு மதிலோடு சாய்ந்து நின்றேன். யாழ்ப்பாணத்தில் அந்தச் சைக்கிளுக்கு முன் பிரேக்கே இருக்கவில்லை. எப்போதோ கழன்று விழுந்ததை யாரும் திரும்பப் பூட்டவில்லை. தேவைப்படவில்லை.

குண்டசாலைப் பக்கம் சைக்கிள் திருத்துகிறவர் யாரும் இல்லை. மோட்டார் சைக்கிள் கராஜ் வைத்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவரிடம் உருட்டிக்கொண்டு போனேன். பெற்றோல் இல்லாததால் அவருக்கும் வேலை இல்லை, வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். பின் பிரேக் கட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

“இந்த ஒத்த பிரேக்க நம்பியா புள்ளய ஏத்தப் போறீங்க? ஒங்கட ஊருல இது ஓடும் தங்கச்சி. இங்க ஓடாது, உருளும்.”

முன் பிரேக் பூட்டி, கம்பி மாற்றி, நாலு புதுக் கட்டைகளும் போட்டுத் தந்தார். இரண்டு பிரேக்கையும் ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்க வேண்டும். சரிவுக்குள் போன பிறகு பிடிக்கக் கூடாது, சரிவு தொடங்க முன்பே பிடித்துவிட வேண்டும். முப்பது வருடம் சைக்கிள் தெரியும் என்று பீற்றிக்கொண்டவளுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் மெக்கானிக் சொல்லித் தந்த முதற் பாடம் அது. முகத்தை ‘உம்’ என்று வைத்துக்கொண்டுதான் கேட்டேன், ஆனால் ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

பள்ளிக்கூடம் வாரத்தில் சில நாட்கள்தான் நடந்தது. அந்த நாட்களில் காலை ஆறு மணிக்குப் புறப்படுவோம். நான் சல்வாரின் ஷோலை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்வேன். மகள் கரியரில் மடித்துப் போட்ட பழைய தலையணை மேல் உட்கார்ந்து, இரண்டு கையாலும் என் ஷோல் முடிச்சைப் பிடித்துக்கொள்வாள். வீட்டிலிருந்து மகாவலி ஆற்றுப் பாலம் வரைக்கும் ரோடு ஏறியும் இறங்கியும் போகும். பாலத்தைத் தாண்டினால் கண்டி வரைக்கும் ஏற்றம். ஏற்றத்தில் அவளை இறக்கி நடத்தி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறுவேன். வியர்வை கண்ணுக்குள் இறங்கும். தள்ளிக்கொண்டு போவதில் முதலிரண்டு நாள் வெட்கமாக இருந்தது. பிறகு வெட்கப்படவும் மூச்சு மிச்சமிருக்கவில்லை.

அந்த ஏற்றத்தை நான் சமாளித்துக்கொண்டேன். என்னை வதைத்தது பாலத்துக்கு முன்னால் வரும் சரிவு. அங்கே இடது பக்கம் ஒரு பெற்றோல் செட் இருந்தது. அதை நோக்கி ஆட்டோக்களும் மோட்டார் சைக்கிள்களும் நாட்கணக்கில் வரிசையில் நிற்கும். ஆட்டோக்களுக்குள் ஆட்கள் கால்களை வெளியே நீட்டிப் படுத்திருப்பார்கள். ரோட்டின் இடது ஓரம் முழுக்க அந்த வரிசைக்கே போய்விடும், மிச்சமிருந்த பாதையில் பஸ்ஸுக்கும் எனக்கும் ஒரே இடம். பஸ் டிரைவர்களுக்கு முன்னால் போகும் பஸ்ஸைப் பிடிக்கிற வெறி. பின்னாலிருந்து ஹோர்ன் அடிக்கும்போது மகளின் கை என் முடிச்சை இறுக்குவது வயிற்றில் தெரியும்.

அந்தச் செட்டின் வாசலில் பச்சைச் சீருடையில், துப்பாக்கியோடு இரண்டு ஆமிக்காரர்கள் நின்றார்கள். வரிசையில் அடிபிடி வராமல் பார்க்க அந்த நாட்களில் எல்லா இடத்திலும்தான் நிறுத்தியிருந்தார்கள். அவர்கள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. முதல்நாள் காலை அவர்களைக் கண்டதும் நான் சைக்கிளிலிருந்து இறங்கினேன். எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. கண்டு, நினைத்து, முடிவெடுத்து இறங்கவில்லை. கால் தானாக இறங்கியது. மகளையும் இறக்கி, தலையைக் குனிந்து, முன் சில்லைப் பார்த்தபடியே சைக்கிளை உருட்டிக்கொண்டு அவர்களைக் கடந்து, பத்தடி தள்ளிப்போய் மறுபடி ஏறினேன்.

ஏனம்மா இறங்கினீர்கள் என்று மகள் கேட்டாள். கூட்டமாக இருக்கிறது, அதுதான் என்றேன். அவள் தகப்பனின் பேச்சைப் பேசுகிறவள், தகப்பனின் ஊரைத் தெரிந்தவள். என் ஊரைப் பற்றி நான் அவளுக்கு மாம்பழத்தையும் கடலையும்தான் சொல்லியிருந்தேன்.

நாங்கள் வளர்ந்த நாட்களில் யாழ்ப்பாணத்துத் தெருக்களில் ஆமியின் காவலரண்கள் இருந்தன. ‘சென்றி’ என்போம். சென்றி வருவதற்கு முன்பே சைக்கிளால் இறங்க வேண்டும், உருட்டிக்கொண்டு நடந்து கடக்க வேண்டும், தாண்டிய பிறகுதான் ஏற வேண்டும். டியூஷனுக்குப் போய் வருவதற்குள் நாலைந்து தரம் இறங்கி ஏறுவோம். ஒருநாள் மழை. குடையைச் சரித்துப் பிடித்திருந்ததில் சென்றியை நான் கவனிக்கவில்லை. பின்னால் ஒரு விசில் கேட்டது. சைக்கிளை அப்படியே தண்ணீரில் போட்டுவிட்டு, கையில் குடையோடு திரும்பாமல் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு போ என்றார்கள். அவ்வளவுதான், யாரும் தொடவில்லை, ஏசவில்லை. அந்தக் கதையில் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை, அதனால்தான் நான் அதை யாருக்கும் சொன்னதில்லை. ஆனால் அதற்குப் பிறகு என் கால் என்னைக் கேட்காமலே இறங்கப் பழகிவிட்டது.

இத்தனை வருடத்தில் அந்தப் பழக்கம் செத்துப் போயிருக்கும் என்று நினைத்திருந்தேன். பத்து வருடம் நான் சைக்கிளையே தொடாததால்தான் அது தெரியாமல் இருந்திருக்கிறது. இப்போது ஒவ்வொரு காலையும் அந்தச் சரிவில் இறங்கினேன். இறங்க மாட்டேன் என்று வீட்டு வாசலில் சபதம் எடுத்துக்கொண்டு வந்தும் இறங்கினேன். இறக்கத்தில் இறங்கி நடப்பது நல்லதுதானே, கணவருக்கும் அதுதானே விருப்பம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். ஒருநாள் செட்டில் பெற்றோல் இல்லை என்ற பலகை தொங்கியது. வரிசை இல்லை, கூட்டம் இல்லை, ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. ஒரே ஒரு ஆமிக்காரர் மட்டும் கதவோரம் நின்றார். அன்றைக்கும் இறங்கினேன். மகள் வெறும் ரோட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததை நான் கவனித்திருக்க வேண்டும்.

மூன்றாவது வாரத்தில் அது நடந்தது. மெல்லிய தூறல். வரிசையிலிருந்து ஒரு ஆட்டோ மூக்கை வெளியே நீட்டியதால் நான் ரோட்டின் நடுப்பக்கம் ஒதுங்கி வந்தேன். பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது தெரியும். ஓடிக்கொண்டே இருந்திருந்தால் ஒன்றும் இல்லை. ஆனால் வாசலில் துப்பாக்கி தெரிந்தது, கால் இறங்கியது. ஓடும் பஸ்ஸுக்கு முன்னால், நடு ரோட்டில், நான் நின்றுவிட்டேன்.

பஸ் பிரேக் பிடித்த சத்தம் இன்னும் என் பல்லில் கூசுகிறது. உள்ளே ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்து கத்தினார்கள். திரும்பிப் பார்த்தபோது மகளின் புத்தகப்பைக்கும் பஸ்ஸின் முகத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. என்ஜின் சூடு என் கையில் பட்டது. நடத்துநர் படியிலிருந்து குதித்து, சாக வேண்டுமென்றால் தனியாகப் போய்ச் சா, பிள்ளையை ஏன் கொண்டு வருகிறாய் என்று சிங்களத்தில் கத்தினார். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. வழக்கமாக ஒருவர் ஒன்று சொன்னால் நாலு சொல்கிறவள், மகளை இறக்கி, சைக்கிளை ஓரத்துக்கு உருட்டினேன்.

பாலத்தில் நிறுத்தி மகளைக் கட்டிக்கொண்டேன். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று நான் அவளிடம் கேட்கவில்லை, அந்தளவுக்கு நான் தாழவில்லை. ஆனால் அன்று பின்னேரம் கணவர் வழக்கம்போல, பத்திரமாக வந்தீர்களா என்று கேட்டபோது, அவளே முந்திக்கொண்டு ஒன்றும் நடக்கவில்லை என்றாள். நான் குசினிக்குள் போய் அடுப்பை ஊதுவது போல நின்றேன். என் பிள்ளை எனக்காகப் பொய் சொல்கிறாள் என்பது ஒரு பக்கம் சுட்டது. இன்னொரு பக்கம், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ஆறுதலாகவும் இருந்தது.

சைக்கிளை விட்டிருக்கலாம்தான். மறுபடி பஸ்ஸில் தொங்கியிருக்கலாம். ஆனால் அந்தப் பஸ்ஸில் மகள் மூச்சுத் திணறியதும் எனக்கு நினைவில் இருந்தது. அதோடு ஒரு பிடிவாதமும் பிடித்துக்கொண்டது. நாற்பது வயதில், என் கால் யார் சொல்லைக் கேட்கிறது என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் தனியே போகும்போது பழகினேன். சரிவு தொடங்க முன்பே இரண்டு பிரேக்கையும் பாதி பிடிப்பேன். ஆமிக்காரரைப் பார்க்காமல் அவருக்கு அப்பால் நிற்கும் லைட் கம்பத்தைப் பார்ப்பேன். முதல்நாள் தோற்றேன், அதே இடத்தில் கால் தரையில் இருந்தது. இரண்டாம் நாளும் தோற்றேன். மூன்றாம் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு, பெடலில் காலை அழுத்தி வைத்துக்கொண்டு, வாய்க்குள் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிக்கொண்டு போனேன். விசில் கேட்கவில்லை. பாலத்தில் போய் நின்று சிரித்தேன். வேர்த்துக் கொட்டியது. பாலத்தில் போன யாரோ ஒரு மனிதர், ஏதாவது சுகமில்லையா என்று விசாரித்தார். எனக்கு அவ்வளவு சுகமாக இருந்து பல வருடமாகிறது என்று அவருக்குச் சொல்லத் தோன்றியது.

இனி இந்த விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். மகளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. இறங்க மாட்டேன் என்று சொன்னால், இவ்வளவு நாளும் ஏன் இறங்கினேன் என்றும் சொல்ல வேண்டி வரும். சொல்லாமலே செய்து காட்டிவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டேன். என் வாழ்க்கையில் போட்ட கணக்குகளில் படுமோசமானது அது.

அடுத்த பள்ளிக்கூட நாள். நல்ல வெயில், ரோடு காய்ந்திருந்தது. ஆட்டோ வரிசை நீளமாக இருந்தது. சரிவுக்கு முன் பிரேக் பிடித்தேன். பின்னால் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது, ஆனால் தூரத்தில். லைட் கம்பத்தைப் பார்த்தேன். வாசலில் ஒரே ஒரு ஆமிக்காரர் நின்றார், என் கண்ணோரத்தில் பச்சையாகத் தெரிந்தார். கால் துடித்தது, நான் விடவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. அவரைக் கடக்கிற நேரம் மகளின் கை என் முடிச்சிலிருந்து எடுபட்டது. உடனே சைக்கிளின் பின்பக்கம் இலேசானது.

சைக்கிள் ஓடியவர்களுக்குத் தெரியும், பின்னால் இருக்கிறவர் இறங்கினால் பார்க்கத் தேவையில்லை, சைக்கிளே சொல்லிவிடும். நான் இரண்டு பிரேக்கையும் இறுக்கினேன். சைக்கிள் நின்றதா நான் விழுந்தேனா தெரியாது, திரும்பிப் பார்த்தபோது முழங்கை தரையில் இருந்தது. ரோட்டின் நடுவில் மகள் முழங்காலில் கிடந்தாள். அவளுடைய தலையணை அவளுக்குப் பக்கத்தில் கிடந்தது. பஸ் இப்போது தூரத்தில் இல்லை.

நான் ஓடினேன். எனக்கு முன்பே ஆமிக்காரர் ஓடினார். துப்பாக்கியை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, ஒரு கையால் அவளைக் கக்கத்தில் பிடித்து ஓரத்துக்கு இழுத்தார், மறுகையை பஸ்ஸுக்கு நேரே நீட்டினார். பஸ் தலையணையின் மேல் ஏறி நின்றது. பழைய பஞ்சு பிய்ந்து ரோட்டில் பறந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன்.

மகளின் இரண்டு முழங்காலிலும் தோல் உரிந்திருந்தது. வேறொன்றும் இல்லை. நான் அவளை உச்சியிலிருந்து பாதம் வரைக்கும் தடவித் தடவிப் பார்த்தேன். ஆமிக்காரர் தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அவள் காலில் ஊற்றினார். மிஞ்சிப் போனால் இருபத்திரண்டு வயது இருக்கும், மீசை இன்னும் ஒழுங்காக முளைக்கவில்லை. ஓடுகிற சைக்கிளிலிருந்து ஏன் தங்கச்சி குதித்தாய் என்று சிங்களத்தில் அவளைக் கேட்டார். அவள் சிங்களம் என்னைவிட நன்றாகப் பேசுவாள். ஆமியைக் கண்டால் இறங்கித்தானே போக வேண்டும் என்றாள். அவர் விளங்காமல் என்னைப் பார்த்தார். யார் அப்படிச் சொன்னது என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றேன் நான். அது உண்மை. அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதும் இல்லை.

பிறகு அவள் என் பக்கம் திரும்பி, என் காதுக்கு மட்டும் கேட்கிற அளவுக்குச் சொன்னாள்.

“நீங்க இறங்க மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்மா. அதான் நானாவது இறங்கிருவோம்னு இறங்கிட்டேன்.”

அப்போதுதான் அழுதேன். ஆமிக்காரரும் பஸ்ஸில் இருந்தவர்களும் பார்த்துக்கொண்டிருக்க, ரோட்டோரத்தில் உட்கார்ந்து, ஒரு மானம் ரோஷம் இல்லாமல் அழுதேன். பிள்ளை காயத்துக்கு அழுகிறேன் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். ஒரு சொல்லும் சொல்லாமல், ஒரு மாதத்துக்குள், இருபத்தைந்து வருடத்துப் பயத்தை அவளிடம் அப்படியே கொடுத்திருந்தேன். அவள் அதைப் பயமாகக்கூட எடுக்கவில்லை. ரோட்டில் செய்ய வேண்டிய ஒரு ஒழுங்காக, என்னைக் காப்பாற்றச் செய்ய வேண்டிய ஒன்றாக எடுத்திருக்கிறாள்.

அன்று வேலைக்குப் போகவில்லை. சிவப்புக் கோட்டுக்கு மேலுமில்லை, கீழுமில்லை. அவளைக் கரியரில் வைத்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். கணவர் வந்ததும், அவர் கேட்க முன் நானே எல்லாவற்றையும் சொன்னேன். முதல் பஸ்ஸையும் சொன்னேன், மழையையும் விசிலையும் சொன்னேன். கல்யாணமாகிப் பத்து வருடத்துக்கு மேலாகியும் அந்த விசிலை அவருக்கும் சொல்லியிருக்கவில்லை. அவர் மகளின் முழங்காலில் போட்டிருந்த பிளாஸ்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். சைக்கிள் லொறி ஏறப் போகிறது என்றுதான் நான் காத்திருந்தேன். அவருக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும், காது சிவந்துதான் இருந்தது.

“சைக்கிளப் பத்தி அப்புறம் பேசுவோம்,” என்றார். “என்கிட்ட சொன்னத அவகிட்ட சொல்லு. நான் சொன்னா அது கதை. நீதான் சொல்லணும்.”

மகளின் கட்டிலில் உட்கார்ந்து சொன்னேன். மாம்பழமும் கடலும் இல்லாத யாழ்ப்பாணத்தை அவளுக்கு முதல்முறையாகச் சொன்னேன். அந்த மழையில் சைக்கிளுக்கு என்ன ஆனது என்று கேட்டாள். ஹாண்டில் கொஞ்சம் வளைந்தது, உன் மாமாதான் நிமிர்த்தித் தந்தார், இப்போது வெளியே நிற்கிற சைக்கிள்தான் அது என்றேன். அவள் எழுந்துபோய்க் கதவைத் திறந்து அதைப் பார்த்துவிட்டு வந்து படுத்தாள். இன்றைக்கு நின்ற ஆமிக்காரர் விசில் வைத்திருந்தாரா என்று கேட்டாள். நான் பார்க்கவில்லை என்றேன். தான் பார்த்ததாகவும், அவரிடம் விசில் இல்லை என்றும் சொன்னாள்.

கராஜ்காரர் கரியரின் இரண்டு பக்கமும் கால் வைக்க இரும்புக் கட்டையும், பிடித்துக்கொள்ள ஒரு வளையமும் ஒட்டித் தந்தார். கணவர் திகனவிலிருந்து புதுத் தலையணை ஒன்றை வாங்கி வந்து, கரியரோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினார். அவர் வாயால் போ என்று சொல்லவேயில்லை. கயிற்றை மட்டும் மூன்று முடிச்சுப் போட்டார். அடுத்த பள்ளிக்கூட நாள் திகனவுக்குப் பிந்திப் போனாலும் பரவாயில்லை என்று, நாங்கள் ஒழுங்கை திரும்பும் வரைக்கும் வாசலிலேயே நின்றார்.

சரிவு வந்தது. வழக்கமான வரிசை, ஆட்டோக்களிலிருந்து வெளியே நீண்ட வழக்கமான கால்கள். பின்னால் எங்கேயோ ஒரு பஸ். வாசலில் அதே இளம் ஆமிக்காரர் நின்றார். சரிவு தொடங்க முன் இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். மகளின் இரண்டு கைகளும் வளையத்தை விட்டுவிட்டு என் இடுப்பைச் சுற்றி வந்தன. என் கால் துடிப்பது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவளுடைய நெஞ்சு என் முதுகில் அடிப்பது எனக்குத் தெரிந்தது.

“அம்மா, மறக்கலையே?”

“மறக்கேல்லைப் பிள்ளை. ஆனா இறங்கப் போறதில்லை.”

ஆமிக்காரர் எங்களை அடையாளம் கண்டு கையைத் தூக்கினார். மகள் தூக்கவில்லை, அவள் என்னை இறுக்கிப் பிடித்திருந்தாள். நானும் தூக்கவில்லை. எனக்கு இரண்டு பிரேக்கும் வேண்டியிருந்தது.